முதல் லெவல்

முப்பத்தொன்பது ஜந்துக்களைப் புதிய விதிகளுக்குள் கொண்டுவந்து முடித்த விநாயக்கின் பென்சில், நாற்பதாவது ஜந்துவின் முன்னால் வந்து நின்றுவிட்டது. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. காலை ஷிப்டு முடிந்து வந்து, குளித்து, உண்டு, சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியை ஈரத்துணியால் துடைத்து, அதன்மேல் பள்ளித்தோழன் ஆர்தரின் பழைய நோட்டையும், ஆட்டத்தின் புதிய விதிநூலின் கனத்த பிரதியையும், தன் கையெழுத்தில் நிரம்பிவரும் கோடிட்ட ஏட்டையும் அவன் பரப்பியிருந்தான். இருபத்தாறு ஆண்டுகளாக இயந்திரத் தொழிற்சாலையில் உதிரிபாகங்களை அளந்து, ஏற்பதா தள்ளுவதா என்று முத்திரையிடுவதே அவனுடைய பணி. ஆதலால் ஓர் அளவை இன்னோர் அளவாக மாற்றுவது அவனுக்குக் களைப்பைத் தந்ததில்லை. அளவு மாறினாலும் பொருள் மாறுவதில்லை என்பதில் அவனுக்கு ஓர் அமைதியும் இருந்தது.

ஆட்டம் எளிமையானது. மேசையைச் சுற்றி நான்கு பேர் அமர்வார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அக்கதைக்குள் வீரனாகவோ மந்திரக்காரியாகவோ புகுந்து, இருண்ட குகைகளில் இறங்கி, அங்கு எதிர்ப்படும் ஜந்துக்களோடு மோதுவார்கள். அடி விழுந்ததா தவறியதா என்பதைப் பகடை சொல்லும். ஆனால் ஒவ்வொரு ஜந்துவுக்கும் எண்கள் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய விதிநூலின் எண்கள் இன்றைய விதிநூலுக்குப் பொருந்தமாட்டா. பழைய விதியில் காப்பு எண் குறையக் குறைய உடல் கெட்டி. புதிய விதியில் அதே எண் கூடக் கூடக் கெட்டி. எனவே இருபதிலிருந்து பழைய எண்ணைக் கழிக்கவேண்டும். உயிர்ப் புள்ளிகளை ஏறக்குறைய மூன்று மடங்காக்க வேண்டும். பழைய நூலில் இருந்த சில வரிகளுக்குப் புதிய நூலில் இடமே இல்லை, அவற்றை விட்டுவிடலாம். இந்த முறையில்தான் கூண்டுக் கயிற்றில் தலைகீழாக இறங்கிவரும் கேஜ்காரியையும், வெடிப்புகையில் மட்டும் கண்ணுக்குத் தெரியும் மஞ்சக்கண்ணனையும், தொட்டவனின் நெஞ்சைக் கல்லாக்கும் வெள்ளைத்தூசியையும் அவன் ஒவ்வொன்றாகக் கரையேற்றியிருந்தான். அவை யாவும் ஆர்தர் பள்ளிப் பருவத்தில் கற்பனை செய்து, அவனோடு ஆடிய ஜந்துக்கள். விநாயக்குக்கு அவை பழைய அண்டை வீட்டுக்காரர்களைப் போன்றவை.

நாற்பதாவது அப்படியல்ல. அது நோட்டின் கடைசிப் பக்கத்தில், வேறு மையில், வளர்ந்த மனிதனின் கையெழுத்தில் இருந்தது. அதை ஆர்தர் ஒருநாளும் மேசைக்குக் கொண்டுவந்ததில்லை.

சமையலறையிலிருந்து தேநீருடன் வந்த மனைவி ஷோபா, அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் பேயிக்குப் பல்லு எண்ணிகினு கீறீங்களா?"

"இதுக்குப் பல்லு இல்ல."

"பல்லு இல்லாத பேயிக்கா மூஞ்சி இப்டி வேர்க்குது?" என்று கேட்டுவிட்டு, டம்ளரை ஏட்டின்மேல் வைக்கப்போய், அவன் பார்வையைக் கண்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவே:

வாசல்காரன். லெவல் 1. காப்பு 9. உயிர் 4. தாக்குதல் இல்லை. தைரியம் 2. உள்ளே இருப்பவன் கூப்பிட்டால் இதற்குக் கேட்கும். பதில் தராது. பதினோரு தடவை கூப்பிடலாம். பன்னிரண்டாம் தடவை பதில் வரும். பதில் சொல்வது இது இல்லை. இதன் குரலில், கீழே இருந்து, வேறொன்று.

முதல் பார்வைக்கு இது மிக எளிய ஜந்துவாகத் தோன்றியது. முதல் லெவல் என்றால் எல்லாவற்றிலும் பலவீனமானது. இருபதிலிருந்து ஒன்பது போனால் பதினொன்று என்று விநாயக் எழுதினான். உயிர், பன்னிரண்டு. தாக்குதல் இல்லாத ஜந்துவைப் புதிய விதி ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே அதன் கையில் ஓர் இரும்புத் தடியைக் கொடுத்தான். தைரியம் என்னும் வரி புதிய நூலில் கிடையாது. பழைய ஆட்டத்தில், அடிபட்ட ஜந்து நின்று மோதுமா, ஓடிவிடுமா என்பதற்கு இரண்டு பகடைகளை உருட்டுவார்கள். வரும் கூட்டுத்தொகை தைரிய எண்ணைத் தாண்டினால் ஓட்டம். இரண்டு என்பது இருக்கக்கூடிய எண்களிலேயே தாழ்ந்தது. இரு பகடைகளிலும் ஒன்று விழுந்தாலொழிய அது நிற்காது. முப்பத்தொன்பது ஜந்துக்களுக்கும் அந்த வரியை விட்டுவிட்டவன், இதற்கும் விட்டுவிட்டான். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. டம்ளரை எடுத்து ஒரு வாய் பருகினான். அந்த வாய்த் தேநீர் தொண்டைக்குள் இறங்குவதற்குள், லெவல் என்ற சொல் அவனைத் திரும்பிப் பார்த்தது.

முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு துரைக் குடும்பம் தேவாலயத்து விற்பனைக்குத் தந்த சாமான்களுள், மூடி கிழிந்த ஒரு பெட்டியில் அந்தப் பழைய ஆட்டம் ஆர்தருக்குக் கிடைத்தது. இருவருக்கும் அப்போது வயது பதினாறு. விதிநூல் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் பக்கத்துக்குப் பக்கம் லெவல் என்றொரு சொல். வீரனின் தேர்ச்சிப் படி என்பதே அதன் பொருள். மோதி வென்றவன் ஒரு படி மேலேறுவான். ஆனால் கோலார் தங்கவயலில் பிறந்த இருவருக்கும், அச்சொல்லுக்கு வேறு பொருள் இருக்கக்கூடும் என்ற ஐயமே எழவில்லை. லெவல் என்றால் பூமிக்கடியில் ஒரு தளம். ஆர்தரின் தகப்பனார் ஞானதாஸ் எழுபத்தொன்றாம் லெவலில் மரம் முட்டுக்கொடுப்பவர். ஆகவே இரண்டாம் லெவல் வீரன் என்றால் இரண்டாம் தளம் வரை இறங்கியவன். பத்தாம் லெவல் ஜந்து என்றால் பத்தாம் தளத்தில் குடியிருப்பது. உலகமெங்கும் இந்த ஆட்டத்தை ஆடியவர்கள் லெவல் ஏறிவிட்டேன் என்று மகிழ்ந்த காலத்தில், அவர்கள் இருவர் மட்டும், "லெவல் எறங்கிட்டேன்டா!" என்று குதித்தார்கள். தவறு பிற்பாடு தெரியவந்தது. எனினும் ஆர்தர் தன் நோட்டில் அதைக் கடைசிவரை மாற்றவில்லை.

அப்படியானால் முதல் லெவல் என்பது பலவீனத்தின் அளவல்ல, இடம். வெளிச்சத்துக்கு மிக அருகில் இருக்கும் இடம். சுரங்கத்தின் வாய்.

விநாயக் டம்ளரைக் கீழே வைத்தான்.

பெட்டி கிடைத்த அதே ஆண்டு, பொங்கல் விடுமுறையில், ஆட்டத்துக்கு வரைபடம் எழுத உண்மையான சுரங்கத்தைப் பார்க்கவேண்டுமென்று இருவரும் மைசூர் மைன்ஸ் பக்கம் போனார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கைவிடப்பட்டு, பலகையடித்து மூடியிருந்த ஒரு சாய்வுக் குகை அங்கிருந்தது. பலகை ஒன்றைப் பெயர்த்து உள்ளே நுழைந்தார்கள். ஐம்பது அறுபது அடி போயிருப்பார்கள். எங்கோ பக்கத்தில் கல் சரிந்தது. டார்ச்சு ஆர்தரின் கையிலிருந்து விழுந்து அணைந்தது. விநாயக்குக்கு நினைவு திரும்பியபோது அவன் குகையின் வாயிலில், பகல் வெளிச்சத்தில், மணல்மேல் நின்றுகொண்டிருந்தான். கால்கள் தாமே கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. உள்ளேயிருந்து ஆர்தர் கூப்பிட்டான். "விநாயக்! டேய் விநாயக்!" குரல் தெளிவாகக் கேட்டது. இங்கே இருக்கிறேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு அவன் வெளியே வந்திருப்பான். விநாயக்கின் வாய் திறக்கவில்லை. பதில் சொன்னால் உள்ளே போகவேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. பதினோரு தடவை. அவன் எண்ணினான், அளவெடுக்கும் பழக்கம் அன்றே இருந்தது. அதன்பின் குரல் நின்றது. அவன் வீட்டுக்கு நடந்துபோய், கை கழுவி, தட்டின் முன் உட்கார்ந்து சாப்பிட்டான்.

ஆர்தர் பொழுது சாயும் நேரத்தில், முழங்கை தோல் உரிந்து, தானே திரும்பிவந்தான். மறுநாள் அவன் சொன்னது இன்றும் காதில் இருந்தது. "கடசியா நீ பதில் குடுத்தியே, அதுக்குள்ள என் உசுரே போச்சி. அந்தக் குரலப் புடிச்சிகினு தான் வந்தேன். எங்க நின்னுகினு இருந்த நீ?"

"வாசல்ல," என்றான் விநாயக்.

தான் கொடுக்காத ஒரு பதிலை அந்த ஒரு சொல்லால் அவன் தனதாக்கிக்கொண்டான். பயத்தில் ஆர்தருக்கு ஏதோ கேட்டிருக்கும், எதிரொலியாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். ஆர்தர் தன் சொல்லை நம்பினான் என்றே முப்பத்துமூன்று ஆண்டுகளாக எண்ணியிருந்தான். நம்பவில்லை. எப்போதோ தெரிந்துகொண்டு, வாய் திறந்து ஒரு வார்த்தை கேளாமல், அவனையே ஜந்துவாக எழுதி, எண் கொடுத்து, கடைசிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

ஆர்தர் இறந்து பதினொரு மாதங்கள் ஆயின. பெங்களூரு மருத்துவமனையில், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு. கடைசி வாரத்தில் அவனிடமிருந்து இரண்டு அழைப்புகள் வந்தன. சாகப்போகிறவனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், விநாயக் இரண்டையும் அடித்து ஓயவிட்டான்.

அடக்கம் முடிந்த மாதத்தில் ஆர்தரின் தங்கை ஃப்ளோரா அந்த நோட்டை அவனிடம் கொடுத்தாள். அண்ணனின் ஜந்துக்களை இன்றைய பிள்ளைகள் ஆடும் விதிக்கு மாற்றி, ஞாயிறுதோறும் ஒன்றிரண்டாக ஆடிப் பார்த்து, முதலாம் நினைவு நாளுக்குள் ஆர்தரின் பெயரில் ஒரு புத்தகமாகக் கட்டிவிடவேண்டும் என்பது அவள் விருப்பம். தொடக்கப்பள்ளி ஆசிரியையான அவள், கதைகளை விட்டுவிடக்கூடாது என்பதில் உறுதியாயிருந்தாள். மாற்றுவதற்கு அவள் விநாயக்கைத் தவிர வேறொருவரை நினைக்கவுமில்லை. ஓடிவிடாமல் குகை வாசலில் நின்று தன் அண்ணனைக் குரல்கொடுத்து மீட்டவன் என்று பதினோரு வயதிலிருந்து அவள் அவனை நம்பியிருந்தாள். அவ்வீட்டில் அவனுக்கென்று ஒரு நாற்காலியும், சர்க்கரை குறைந்த காப்பியும், கூடப்பிறந்தவனுக்குரிய அதிகாரமும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமையின் அந்த மேசையை நம்பித்தான் அவன் வாரத்தின் மற்ற ஆறு நாள்களையும் கடந்துவந்தான்.

நாளைக்கு நாற்பதாவது ஜந்து. பக்கத்தை உள்ளபடி படித்தால், அந்த நாற்காலி போய்விடும். படிக்காவிட்டால், ஆர்தர் தன் வாழ்நாளில் சொன்ன ஒரே குற்றச்சாட்டை, அவன் பெயரில் வரும் புத்தகத்திலிருந்தே அழித்தவனாக ஆவான். விநாயக் ஏட்டில், குறிப்பு என்ற இடத்தில், வாயிலில் நின்று வழிமறிக்கும் என்று மட்டும் எழுதி மூடினான். விதிப்படி அதில் பிழையொன்றும் இல்லை.

மறுநாள் மூன்றரை மணிக்கு அவன் போனபோது, பழைய சுரங்கத் தொழிலாளர் வரிசையில் உள்ள ஃப்ளோராவின் லைன் வீட்டில் மற்ற இருவரும் வந்துவிட்டிருந்தார்கள். வாரம் முழுவதும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய்வரும் நாகேஷும் மம்தாவும், ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து இந்த ஆட்டத்தால் நண்பர்களானவர்கள். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வாங்கிவந்த முறுக்குப் பொட்டலம் வரைபடத்தின்மேல் பிரிந்துகிடந்தது.

"வாங்கண்ணா. இன்னிக்கி கடசி ஜந்துவாமே? மெதுவா சாவட்டும், சீக்கிரம் கொன்னுடாத நாகேசு," என்றாள் மம்தா.

"நானா கொல்றேன்? நீ தான் போனவாரம் என் தலமேலயே நெருப்பு போட்ட, குரு!"

"குறுக்க வந்தா போடாம? சும்னே நிக்கத் தெரியணும்."

ஃப்ளோரா காப்பியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "பேரு இன்னாண்ணா இதுக்கு?"

"வாசல்காரன்."

"அவன் இத்த ஆடுனதே இல்லயே," என்றாள் அவள். அவள் முகத்தில் இருந்தது ஆவல் மட்டுமே. அதை அவனால் நேராகப் பார்க்க இயலவில்லை.

விநாயக் கதையைத் தொடங்கினான். மூவரும் ஆழத்திலிருந்து மேலேறி வருகிறீர்கள், விளக்கு அணைந்துவிட்டது, தொலைவில் ஒரு பொட்டு வெளிச்சம், அவ்வெளிச்சத்தில் ஓர் உருவம் நிற்கிறது, முகம் தெரியவில்லை. சொல்லச் சொல்லத் தன் குரல் பழகிய குரலாக இல்லாமல், யாரோ பின்னாலிருந்து எடுத்துக்கொடுப்பதைத் திருப்பிச் சொல்வதுபோல அவனுக்குக் கேட்டது.

"நான் கூப்புட்றேன்," என்றாள் ஃப்ளோரா. "யாரங்க? விளக்கு இருக்குதா?"

"பதில் இல்ல."

"இன்னொரு தபா கூப்புட்றேன்."

"பதில் இல்ல."

"செவிடா அது?"

"எந்த லெவலு?" என்று நாகேஷ் ஏட்டை எட்டிப் பார்த்தான். "ஒண்ணு தானே! இதுக்குப் போயி கூப்ட்டுகினு... நான் வாளெடுத்துட்டேன்."

பகடை உருண்டது. நாகேஷின் அடி விழுந்தது, ஏழு புள்ளிகள். மம்தாவின் நெருப்பு அம்பு விழுந்தது, மூன்று. ஜந்துவிடம் இரண்டு உயிர்ப் புள்ளிகள் மிஞ்சின. இப்போது அது என்ன செய்கிறது என்பதைக் கதை சொல்பவன் சொல்லவேண்டும். ஏட்டில் ஓட்டத்துக்கு வரி இல்லை. புதிய விதி அதை அங்கேயே நிறுத்தி, கையில் தடியைக் கொடுத்திருந்தது. "அது நகரல," என்றான் விநாயக். "தடியத் தூக்குது. நின்னு அடிக்குது."

மம்தா முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினாள். "ஐயோ பாவம். மூணு பேரு எதிர்ல, ரெண்டு பாயிண்டு உசுரு. ஆனாலும் ஓடல பாரேன். ரொம்ப தைரியசாலிண்ணா இது. கொல்ல வேணாம், உட்ருலாம்."

விநாயக்கின் கை ஏட்டின்மேல் இருந்தது. தொழிற்சாலையில், தள்ளவேண்டிய உதிரிபாகம் ஒன்றின்மேல் ஏற்கப்பட்டது என்ற முத்திரை விழுவதை அவன் ஒருநாளும் பொறுத்துக்கொண்டதில்லை. இந்த ஒரு முத்திரையைத் தன் கையாலேயே குத்தியிருந்தான். அவன் ஏட்டை மூடினான். பையிலிருந்து ஆர்தரின் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, ஒரு சொல் விடாமல் படித்தான். லெவல் என்றால் ஆர்தருக்கு என்ன பொருள் என்பதையும் சொன்னான். படித்து முடித்தபின், நோட்டிலிருந்து கண்ணெடுக்காமல், "அது நான் தான், ஃப்ளோரா," என்றான். "நான் உள்ள போவல. ஒரு பதிலும் சொல்லல. பதினோரு தபா கூப்ட்டான். வாசல்ல நின்னு கேட்டுகினே இருந்தேன். அப்பால ஊட்டுக்குப் போயிட்டேன்."

நாகேஷும் மம்தாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃப்ளோரா எழுந்து போவாள் என்று விநாயக் எதிர்பார்த்தான். அல்லது அவனைப் போகச்சொல்வாள். அவள் இரண்டையும் செய்யவில்லை. பாடத்தில் புரியாத ஓர் இடத்தைக் கண்டவளைப்போல நெற்றியைச் சுருக்கினாள்.

"அப்ப அவன இட்டுகினு வந்தது யாரு?"

"பயத்துல இன்னாவோ கேட்ருக்கும். எதிரொலி."

"எதிரொலி அவன் குரல்ல தானே வரும்? உன் குரலுன்னு சொன்னான். கீழ இருந்து வந்துச்சின்னு சொன்னான். கீழ எறங்கி எறங்கிப் போயி தான் வெளிய வந்தேன், அது எப்டின்னு புரியலன்னு சொல்வான்." அவள் காப்பி டம்ளரை ஓரமாகத் தள்ளினாள். "அவன் ஏன் லிப்ட்ல ஏற மாட்டான், தெரியுமா? கதவு மூடி கீழ எறங்கும்போது, இன்னும் கீழ இருந்து விநாயக் கூப்புட்றான்னு சொல்வான். ஜோக்கு அடிக்கிறான்னு சிரிச்சிகினு இருந்தேன் நான்."

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே பட்டப்பகல். அடுத்த வீட்டில் யாரோ குடத்தில் நீர் பிடிக்கும் ஓசை கேட்டது.

"ஆஸ்பத்திரியில," என்றாள் ஃப்ளோரா மெதுவாக, "அந்தக் கடசி வாரம். விநாயக்குக்கு ரெண்டு தபா போன் பண்ணேன், எடுக்கல, மூணாவது தபா எடுத்துட்டான்னு அவன் சொன்னானே. நல்லா பேசுனான், மனசு லேசாயிடிச்சின்னு சொன்னானே. அந்தப் போன்லயாவது பேசுனது நீ தானேண்ணா?"

விநாயக்குக்கு மூன்றாவது அழைப்பு என்று ஒன்று வந்ததே இல்லை. ஆம் என்று சொல்லிவிட்டால் போதும். வாசல்ல என்று ஒருமுறை சொன்னதைப்போல, இதையும் தனதாக்கிக்கொள்ளலாம். ஃப்ளோராவின் கண்கள் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தன.

"இல்லம்மா. எனக்கு ரெண்டு தான் வந்துச்சி. ரெண்டயும் நான் எடுக்கல."

"இன்னாண்ணா இது, சும்னே பயமுறுத்தாதீங்க," என்றான் நாகேஷ். அவன் குரலில் சிரிப்பு தொடங்கி, பாதியில் நின்றது.

ஃப்ளோரா மேசைமேல் சிதறிக்கிடந்த பகடைகளுள் ஆறுமுகப் பகடைகள் இரண்டைப் பொறுக்கி, விநாயக்கின் முன்னால் வைத்தாள்.

"அவன் எழுதுன ரூல்ல உருட்டு. தைரியம் ரெண்டுன்னு தானே போட்ருக்கான்? உருட்டு. ஓடுதா, நிக்குதான்னு பாப்போம்."

"ஃப்ளோரா, அது ஆட்டம்..."

"ஆட்டம் தான். உருட்டுண்ணா."

அவன் உருட்டினான். அதே நொடியில் தரை ஒருமுறை சிலிர்த்தது. அதை அங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை. நூறாண்டுக்கு மேலாக ஊருக்கடியில் குடைந்தெடுத்த வெற்றிடங்களில் நீர் நிரம்பி, எங்கோ ஒரு கல் அவ்வப்போது இடம்மாறும். அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்து ஓயும். இன்றும் கிணுகிணுத்து ஓய்ந்தன. ஒரு பகடை வரைபடத்தின் நடுவே நின்றது. ஒன்று. மற்றது மேசை விளிம்பைத் தாண்டி விழுந்து, சிவப்புச் சிமெண்டுத் தரையில் துள்ளி, சுவரோரமாகப் போன மழையில் விட்டிருந்த விரிசலுக்குள் போய்விட்டது.

"வேற டைஸ் எடுத்துக்கலாம்," என்றாள் மம்தா.

"இரு," என்றாள் ஃப்ளோரா.

விரிசலுக்குள் பகடை உருளும் ஓசை கேட்டது. டிக், டிக், டிக். கட்டையில் கட்டை மோதும் சிறிய, உலர்ந்த ஓசை. கையளவு ஆழம் இருக்குமென்று எல்லோரும் அதன் முடிவுக்குக் காத்திருந்தார்கள். அது முடியவில்லை. அவசரமின்றி, இடைவெளி மாறாமல், படி படியாக இறங்கிக்கொண்டேயிருந்தது. நாகேஷ் எழுந்து மின்விசிறியை நிறுத்தினான். இறக்கைகள் சுற்றி ஓய்ந்தபின் ஓசை இன்னும் தெளிவாகக் கேட்டது.

ஃப்ளோரா மண்டியிட்டு, தரையில் கன்னத்தை வைத்து, விரிசலோடு காதைச் சேர்த்தாள். யாரும் மூச்சுவிட வேண்டாம் என்பதுபோல ஒரு கையை உயர்த்தி விரல்களை விரித்தாள். "இன்னும் நிக்கல," என்றாள். சற்றுப் பொறுத்து, "இன்னும் நிக்கல."

விநாயக் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். அவன் கால்கள் எந்தப் பக்கம் போகும் என்று அவனுக்கே தெரியவில்லை. அவை அவனை அவளருகே கொண்டுபோயின. முழங்கால்கள் தரையைத் தொட்டன. தரை எதிர்பாராத குளிர்ச்சியோடு இருந்தது. அவளுக்கு எதிராக, அதே விரிசலில், அவனும் காதை வைத்தான். இருவர் முகங்களுக்கும் இடையே ஒரு சாண் தொலைவுகூட இல்லை. ஃப்ளோராவின் கண்கள் திறந்திருந்தன. அவை அவனைப் பார்க்கவில்லை. காற்று அசையாத அந்த அறையில், அவள் காதோரத்து நரைத்த முடிக்கற்றை ஒன்று மட்டும் விரிசலின்மேல் மெல்ல எழுந்து, சற்று நின்று, பின் தணிந்து, மறுபடி எழுந்துகொண்டிருந்தது.